நேப்பிள்ஸ் திருநாட் பயணியர் இலக்கணம்: மூலமும் உரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலைப் பனுவல் என்று கொள்ளமாட்டார்கள் நம் இலக்கணிகள். அந்தப் பாயிரத்துக்கும் எட்டு உறுப்பு கேட்பார்கள். கொடுத்துவிடுவோம். ஆக்கியோன் பெயர், அடக்கம் கருதிச் சொல்லப்படவில்லை. வழி, ரோமிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். நூலுக்கு மூலநூல் மரபு ஏதும் இல்லாததால் ரயில் பாதையே வழியெனக் கொள்ளப்பட்டது. எல்லை, கிழக்கே வெசுவியஸ் எரிமலை, தெற்கே கடல், மேற்கே போசில்லிப்போ, வடக்கே கப்போதிமோன்ட்டேக் குன்று. கால எல்லை, டிசம்பர் 8 அமலோற்பவ மாதா திருநாள் தொடங்கி ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் வரை. நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, தொகையும் விரியும். நுதலிய பொருள், அந்நகருக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் வந்துசேரும் வெளியூர்க்காரர். கேட்போர், விமானச் சீட்டு எடுத்துவிட்டு விடுதி எடுக்காதவர். பயன், வாசிக்க வாசிக்கத் தானே விளங்கும். விளங்காவிட்டால் உரைகாரர்மேல் பழி போடுவது மரபு.

பொது இயல்

நூற்பா:
திருநாட் பயணியர் தெரியுங் காலைக்
காண்போர் வாங்குவோர் கேட்போர் உண்போர்
அஞ்சுவோர் எனஐ வகைப்படு வோரே.

என்பது என் நுதலிற்றோ எனின், வந்தவர்களைப் பிரித்து வைத்தல் நுதலிற்று. உள்ளூர்க்காரரைப் பிரிக்கும் வேலை நமக்கு இல்லை. நேப்பிள்ஸ் குடில் கலைஞர்கள் 18ஆம் நூற்றாண்டிலேயே அதை முடித்துவிட்டார்கள். ரொட்டி சுடுபவன், மீன் விற்பவன், வண்ணாத்தி, குறி சொல்லும் நாடோடிப் பெண், சீட்டாடும் கிழவர் இருவர், திராட்சை மதுக்காரன் என்று மொத்த நகரத்தையும் இயேசு பிறந்த தொழுவத்தைச் சுற்றி நிறுத்தினார்கள். பெத்லகேமில் இத்தனை கடைத்தெரு இருந்ததா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. அந்த மக்கள் திரளுக்குள் வெளியூர்ப் பயணிக்கும் ஓர் இடம் உண்டு. அதைக் காண்போர் இயலில் காட்டுவோம்.

அற்றேல், ஒருவரே காலையில் வாங்கி, மதியம் உண்டு, இரவில் அஞ்சினால் அவர் எவ்வகை எனின், அவர் மயக்கத் திரிவு. மயங்கியோரே மிகுதி.

வாங்குவோர் இயல்

இவர்களின் திணைநிலம் சான் கிரகோரியோ அர்மேனோ என்னும் ஒடுக்கமான தெரு. பழைய நகரின் இரண்டு பெரிய தெருக்களான திரிபுனாலியையும் சான் பியாஜோ தெய் லிப்ராயையும் இணைப்பது. ஆண்டு முழுவதும் குடில் பொம்மை செய்து விற்கும் பட்டறைகள் இருபுறமும். டிசம்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்காமல் நகராட்சி இங்கே நடப்பவர்களுக்கே ஒருவழிப் பாதை விதிப்பதுண்டு. ஸ்கூட்டருக்கு ஒருவழி என்றால் சிரித்துவிட்டுப் போகும் ஊர், இதற்கு மட்டும் ஓரளவு கட்டுப்படுகிறது. கட்டுப்படாமல் திரும்ப இடம் இல்லை என்பது உண்மைக் காரணம்.

வாங்குவோர் மூவகை. முதல் வகையினர் வாங்குவதே இல்லை. கூட்டம் அவர்களைத் தெருவின் ஒரு முனையில் பெற்றுக்கொண்டு மறுமுனையில் ஒப்படைக்கிறது. இடையில் கண்ணில் பட்டதைக் கைபேசியில் பதிந்துகொள்கிறார்கள். வீடு போனபின் அந்தப் படங்களில் முன்னால் நடந்தவரின் முதுகு தெளிவாக இருக்கும்.

இரண்டாம் வகையினர் முகம் தேடுவோர். அந்த ஆண்டில் செய்தியில் அடிபட்ட அரசியல்வாதி, நடிகர், பாட்டுக்காரர் எல்லாரும் இங்கே சுடுமண்ணாகவோ பிளாஸ்டிக்காகவோ ஒரு சாண் உயரத்தில் நிற்பார்கள். இறந்தவர், இருப்பவர் என்ற பேதம் கிடையாது. மரடோனா மட்டும் என்றைக்கும் உண்டு. 1984இல் வந்து 1991இல் போன அந்த அர்ஜென்டினர் இந்த ஊருக்கு முதல் இரண்டு கால்பந்து லீக் பட்டங்களை வாங்கிக் கொடுத்தார். ஊர் அவரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. புனிதர்களுக்கு அடுத்த தட்டில் அவர் நிற்பதைக் கண்டு வெளியூர்ப் பக்தர்கள் புருவம் உயர்த்துவார்கள். நவராத்திரிக் கொலுவில் தசாவதாரத்துக்குக் கீழ்ப்படியில் கிரிக்கெட் அணியைப் பார்த்துப் பழகியவருக்கு அந்தச் சங்கடம் வராது.

மூன்றாம் வகையினரே உயர்ந்தோர். இவர்கள் பொம்மையைத் தொடமாட்டார்கள். பாசி, தக்கைமரப் பட்டை, விரல் நீளத் தக்காளிக் கூடை, மின்மோட்டாரில் அடுப்புக்குள் பீட்சாவை விட்டு விட்டு எடுக்கும் பீட்சாக்காரன், பம்பு வைத்து ஓடும் ஓடை என்று துண்டு துண்டாக வாங்குவார்கள். உள்ளூர்க்காரர் வாங்குவது இப்படித்தான், ஒவ்வோர் ஆண்டும் ஒன்றிரண்டு. மலை தக்கைப் பட்டையில் எழுகிறது. பசை காய வேண்டும். ஒரு வீட்டில் குடில் முடிந்தது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இந்தப் பித்தைத்தான் எதுவார்தோ தே ஃபிலிப்போ நாடகமாக்கினார். ‘குப்பியெல்லோ வீட்டுக் கிறிஸ்துமஸ்’ 1931 டிசம்பர் 25 அன்று நேப்பிள்ஸில் முதன்முதலாக மேடையேறியது. குடும்பம் சிதையும் நிலையிலும் தகப்பன் குடில் கட்டிக்கொண்டிருப்பார். குடில் பிடித்திருக்கிறதா என்று மகனைக் கேட்டுக்கொண்டே இருப்பார். மகன் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருப்பான். டிசம்பரில் அந்தக் கேள்வியை உள்ளூர்க்காரர் உங்களிடம் வீசினால் முகம் மாறாமல் ‘பிடிக்கவில்லை’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு பதிலுக்கு ஒரு கோப்பைக் காப்பி கிடைக்கும்.

சிவப்புக் கொம்பு வாங்குவோரும் இவ்வியலில் அடங்குவர். கண்ணேறு கழிக்கும் மிளகாய் வடிவக் கொம்பு அது. தனக்குத்தானே வாங்கிக்கொண்டால் பலிக்காது, பிறர் தர வேண்டும் என்பது ஊர் நம்பிக்கை. எனவே கணவனும் மனைவியும் ஆளுக்கொன்று வாங்கிக் கடை வாசலிலேயே மாற்றிக்கொள்வதைப் பார்க்கலாம்.

காண்போர் இயல்

காண்போருள் மரம் காண்போர், இரத்தம் காண்போர், குடில் காண்போர் என மூவர்.

மரம் காண்போர் வடநாட்டுக் கிறிஸ்துமஸை மனத்தில் வைத்து வந்தவர்கள். பனி கேட்பார்கள். நேப்பிள்ஸ் டிசம்பரில் பகல் வெப்பம் 13, 14 டிகிரி. பனி பெய்தால் அது தலைப்புச் செய்தி. இவர்கள் ஆறுதலுக்கு உம்பெர்த்தோ கல்லேரியாவுக்குப் போவார்கள். 1890வாக்கில் கட்டி முடித்த கண்ணாடிக் கூரை மண்டபம். நடுவே ஒரு மரம் நட்டு, போவோர் வருவோர் வேண்டுதல் எழுதிய சீட்டுகளை அதில் தொங்கவிடுவது வழக்கம். அந்த மரத்தைத் திருடுவதும் வழக்கம். ஒருமுறை இருமுறை நடந்ததென்றால் குற்றம் எனலாம். ஆண்டுக்கு ஆண்டு நடந்ததால் அதையும் திருவிழாவில் சேர்க்கிறோம். அருகிலுள்ள ஸ்பானியக் குடியிருப்புச் சிறுவர்கள் இரவில் வந்து, சீட்டும் சரவிளக்குமாக மரத்தைத் தெருவோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஜனவரி 17, புனித அந்தோனியார் நாளில் தெருமுனையில் சொக்கப்பனைபோல் கொளுத்த விறகு வேண்டும், அதுதான் காரணம். வேண்டுதல்கள் புகையாக மேலே போகின்றன. சேர வேண்டிய இடத்துக்குப் போவதற்கு அதைவிட நேர்வழி இல்லையென்று வாதிடும் உரைகாரரும் உளர்.

இரத்தம் காண்போர் டிசம்பர் 16இல் பேராலயத்தில் கூடுவர். நகரின் காவலர் புனித ஜென்னாரோவின் உறைந்த இரத்தம் ஆண்டில் மூன்று காலங்களில் இளகுவதாக நம்பிக்கை. மே, செப்டம்பர் கூட்டங்களோடு ஒப்பிட்டால் டிசம்பர் கூட்டம் சிறியது. 1631இல் இதே நாளில் வெசுவியஸ் வெடித்தபோது நகரம் தப்பியதன் நினைவு இது. 2020 டிசம்பரில் இளகவில்லை. அந்த ஆண்டைப் பற்றி ஊருக்குப் புதிதாகச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

குடில் காண்போர் வோமெரோ மேட்டில் இருக்கும் சான் மார்த்தீனோ மடத்து அருங்காட்சியகத்துக்கு ஏறுவர். ஏறத்தான் வேண்டும். அங்கேதான் குச்சினியெல்லோ குடில் இருக்கிறது. மிக்கேலே குச்சினியெல்லோ தாம் சேர்த்த பொம்மைகளைக் கொடையாகக் கொடுக்க, 1879இல் அமைத்தது. பொம்மை என்றது வழக்குப் பற்றி. தலை சுடுமண், கண் கண்ணாடி, கையும் காலும் மரம், உடல் கம்பியும் சணலும், உடை பட்டு. முக்காடிட்ட கிறிஸ்துவைப் பளிங்கில் செதுக்கி 1753இல் உலகத்தை வாயடைக்கச் செய்த அதே ஜூசெப்பே சன்மார்த்தினோ, குடிலுக்கு இடையன் தலைகளும் செய்தார். உயர்ந்தது, தாழ்ந்தது என்று வேலை பார்க்கும் கை அன்று பிரித்துக்கொள்ளவில்லை.

அசிசியின் பிரான்சிஸ் 1223இல் கிரெச்சோவில் அமைத்த குடிலில் வைக்கோலும் மாடும் கழுதையுமே இருந்தன. அது நேப்பிள்ஸுக்கு வந்தபின் ஊரானது. 1734இல் அரியணை ஏறிய பூர்போன் சார்லஸ் குடில் பிரியர்; அரசன் கட்டினால் பிரபு கட்டுவான், பிரபு கட்டினால் வணிகன் கட்டுவான். அவர் காலத்திலேயே ஹெர்குலேனியம் 1738இலும் பொம்பெய் 1748இலும் தோண்டப்பட்டன. விளைவு, குழந்தை இயேசு மாட்டுக்கொட்டிலை விட்டு இடிந்த ரோமானியக் கோயில் தூண்களுக்கிடையே குடிவந்தார். இன்னொரு பக்கம் சத்திரம். தொங்கும் இறைச்சி, பாலாடைக்கட்டி உருண்டை, பூண்டுச் சரம், மீன் கூடை என்று கண் அங்கேயே போகும். யோசேப்புக்கும் மரியாளுக்கும் இடமில்லை என்று கைவிரித்த சத்திரம் அதுதான். குடிலிலேயே செழிப்பான இடம் அது என்பதைக் கவனிக்க. தன் ஊரைப் பற்றி இவ்வளவு கூர்மையாகக் குற்றம் சொன்ன கைவினை வேறொன்று எனக்குத் தெரியாது.

இப்போது பயணியின் இடம். உச்சியில் பெனீனோ என்ற இடையன் தூங்குகிறான். கீழே நடப்பதெல்லாம் அவன் கனவு, அவனை எழுப்பினால் குடில் மறைந்துபோகும் என்பார்கள். நண்பகல் வரை விடுதியில் தூங்கும் பயணிகள் தம்மை அவனோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் எழுந்தாலும் எழாவிட்டாலும் நகரத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. தொழுவத்தருகே வாயைப் பிளந்து, கையை விரித்து நிற்பவன் ஒருவன் உண்டு: வியப்பின் இடையன். அவன் எதையும் கொண்டுவரவில்லை, எதையும் விற்கவில்லை, யாருக்கும் உதவவில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிறான். ஆனாலும் அவன் இல்லாமல் குடில் நிறையாது என்று வைத்திருக்கிறார்கள். வெளியூர்க்காரருக்கு இதைவிட மரியாதையான இடத்தை எந்த ஊரும் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.

கேட்போர் இயல்

சிறுத்த இயல். அப்ருத்சோ, மொலிசே மலைகளிலிருந்து ஆட்டுத்தோல் உடுத்தி வரும் சம்பொன்யாரிகள் இருவராக நின்று, ஒருவர் துருத்தியும் மற்றவர் நாதசுரத்தின் ஒன்றுவிட்ட தம்பி போன்ற குழலும் ஊதுவர். முன்பெல்லாம் வீடு வீடாக வந்து குடிலுக்கு முன் நவநாள் வாசித்தார்கள். இன்று தெருமுனையில் தொப்பி வைத்து வாசிக்கிறார்கள். வழக்கறிஞர் தொழிலை உதறிவிட்டுத் துறவியாகி, 1732இல் ஒரு சபையையும் நிறுவிய அல்ஃபோன்ஸோ லிகோரி, உள்ளூர்ப் பேச்சுமொழியிலேயே கிறிஸ்துமஸ் பாட்டு எழுதினார் என்பது இங்கே அறியத்தக்கது. மற்ற ஒலிகள் ஸ்கூட்டர்.

உண்போர் இயல்

விரதத்தின் பெயரால் இவ்வளவு உண்ணும் ஊர் அரிது. 24ஆம் தேதி இறைச்சி கூடாது. எனவே சிப்பி போட்ட வெர்மிச்செல்லி, பொரித்த பக்கலா என்னும் உப்புக் கண்ட மீன், காலிஃபிளவரோடு ஆலிவும் நெத்திலியும் வினிகரில் ஊறிய சாலட், இவற்றுக்கு நடுவே கப்பித்தோனே. பருத்த பெண் விலாங்கு. உயிரோடு வாங்கினால்தான் மதிப்பு. மீன் கடைகள் 23ஆம் தேதி இரவெல்லாம் திறந்திருக்க, நீலத் தொட்டிகளில் அவை நெளிந்துகொண்டிருக்கும். விலாங்கு பாம்பின் சாயல், பாம்பு சாத்தானின் சாயல், ஆகவே அதை வெட்டித் தின்பது தீமையை வெல்வது என்று விளக்கம் சொல்கிறார்கள். வாயில் எண்ணெய் வழியும்போது இந்த இறையியலை மறுக்கத் தோன்றாது. சமையலறையில் கைநழுவி அலமாரிக்கு அடியில் ஓடிய விலாங்கின் கதை ஒவ்வொரு குடும்பத்திலும் ஒன்று இருக்கிறது.

இனிப்பு உண்போர் பல்லால் பிரிக்கப்படுவர். தேனில் புரட்டிய சிறு உருண்டைகளான ஸ்த்ருஃபொலி எவருக்கும் ஆகும். சாக்லேட் போர்த்திய முஸ்தாச்சொலியும் அவ்வாறே. பாதாம் பதித்த வளையமான ரொக்கொக்கோவைக் கடிக்கும் துணிவு இளையோர்க்கு உரித்து. முதியோர் அதை ஒயினில் நனைப்பர். நனைக்காமல் கடித்த வெளியூர்க்காரர் அஞ்சுவோர் இயலுக்கு மாற்றப்படுவர். 25ஆம் தேதிக்குக் கீரைகளும் பலவகை இறைச்சியும் சேர்ந்து கொதித்த ‘மணமுடித்த சூப்’. அதற்குள் வயிற்றில் இடமிருந்தால்.

இனி இந்நூலின் உயிரான நூற்பா:

இருபத்து நான்கின் மாலை வரையே
தெருவெனப் படுவது, பின்னது வீடே.

24ஆம் தேதி நண்பகலில் இளைஞர்கள் கையில் கோப்பையோடு கியாயாத் தெருக்களை அடைத்துக்கொண்டு நிற்பார்கள், பாட்டும் கூச்சலும். மாலை சாயும்போது யாரோ விசில் ஊதியதுபோல் எல்லாரும் மறைவார்கள். கடைகள் இறங்கும். பேருந்தும் மெட்ரோவும் சீக்கிரமே ஓயும். அத்தனை மாடங்களிலும் விளக்கு, பொரிக்கும் வாசனை. தெருவில் பூனையும் பயணியும். அதுவரை தன்னைத் திருவிழாவின் நடுவில் இருப்பவனாக எண்ணிய பயணி, தான் நின்றது திருவிழாவின் திண்ணையில் என்று உணரும் வேளை இது. நேப்பிள்ஸ் கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நடப்பது. தெருவில் இரண்டு வாரத்துக்கு மேலாக நடந்ததெல்லாம் அதற்குச் சாமான் வாங்கும் சந்தடி. ஆகவே மேற்சொன்ன ஐவகையையும் இந்த மாலை இரண்டாக அறுத்துவிடுகிறது: அழைக்கப்பட்டோர், அழைக்கப்படாதோர்.

அழைக்கப்பட்டோர்க்கு மேலும் ஒரு சோதனை உண்டு, தொம்போலா. 1734இல் வாரச் சீட்டுக் குலுக்கலை அரசன் நடத்த நினைக்க, அது பக்தியைக் கெடுக்கும் என்று தொமினிக்கன் துறவி கிரகோரியோ ரொக்கோ எதிர்க்க, கிறிஸ்துமஸ் வாரத்தில் மட்டும் குலுக்கல் இல்லை என்று சமரசமாயிற்று. மக்கள் அந்த வாரம் வீட்டுக்குள்ளேயே குலுக்கிக்கொண்டார்கள் என்பது ஊர் சொல்லும் கதை. 90 எண்கள், ஒரு சிறு கூடை, எண்ணை மூட அவரைக் கொட்டையோ ஆரஞ்சுத் தோலோ. வெளியூர்க்காரருக்கு இங்கேதான் சிக்கல். எண்ணை யாரும் எண்ணாகச் சொல்வதில்லை. கனவுக்கு எண் சொல்லும் ஸ்மோர்ஃபியாப்படி ஒவ்வொன்றுக்கும் ஓர் உரு உண்டு: 22 பைத்தியம், 25 கிறிஸ்துமஸ், 48 பேசும் பிணம், 77 சாத்தான்கள். கூடை குலுக்கும் பாட்டி வரிசையாக வரும் உருக்களைக் கோத்து ஒரு கதையே கட்டிவிடுவார். பைத்தியம் ஒருவன் சாத்தான்களைப் பார்த்துப் பேசும் பிணமானான் என்பதுபோல். எல்லாரும் சிரிக்கப் பயணி மட்டும் அட்டையில் 48 எங்கே என்று தேடிக்கொண்டிருப்பார். 23 மூடன். அது வரும்போது அவரைப் பார்க்காதிருப்பது அந்த வீட்டாரின் பண்பு.

அழைக்கப்படாதோர் வருந்த வேண்டாம். திரிபுனாலித் தெருவில் பியோ மோன்ட்டே தெல்லா மிசெரிகோர்தியா என்ற அறநிலையத்தின் கோயிலில் கரவாஜோவின் ‘இரக்கத்தின் ஏழு செயல்கள்’ ஓவியம் இருக்கிறது, 1607இல் வந்தது. ஏழு அறங்களையும் நேப்பிள்ஸ் சந்து ஒன்றில் ஒரே நேரத்தில் நெரிசலாக நடத்திவிட்டார். வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது அவற்றில் ஒன்று. மாலை அடைக்குமுன் போய்ப் பார்த்துவிட்டால் மனம் சற்றுத் தேறும். வயிறு தேறாது, அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அஞ்சுவோர் இயல்

ஸ்மோர்ஃபியாவில் 90 அச்சம். கடைசி எண் அதுவாக இருப்பதுபோல் ஆண்டின் கடைசி இரவும் அதுவே. டிசம்பர் 31 நள்ளிரவில் ஒவ்வொரு மாடமும் வெடிக்கும். நகராட்சி வாணவேடிக்கை கடற்கரையில் ஒருபுறம் நடக்க, அதை மதியாமல் மக்கள் நடத்தும் தனி வேடிக்கை மொத்த நகரத்திலும் நடக்கும். எண்பதுகளில் சட்டவிரோதமாகச் செய்த ஒரு பெருவெடிக்கு ‘மரடோனா குண்டு’ என்றே பெயர். பழைய பாத்திரங்களைச் சன்னல் வழியே வீசும் வழக்கம் குறைந்திருக்கிறது. ஆனாலும் நடுத்தெருவில் நடப்பவர் அறிவுடையோர். ஜனவரி முதல் நாள் செய்தியில் காயம்பட்டோர் எண்ணிக்கை ஆண்டுதோறும் வரும். மாடியறை எடுத்து எரிமலையையும் வாணத்தையும் சேர்த்துப் படம் எடுக்கத் திட்டமிட்டவர்களுக்குச் சொல்வது: புகையில் எரிமலை தெரியாது. அஞ்சாதோர் உள்ளே உட்கார்ந்து, காசு சேரும் என்று லென்டில் பருப்பு சாப்பிடுவர்.

புறனடை

சொல்லா தனவும் சொல்லிய நெறியால்
கொள்க, கொள்ளா தொழியினும் அமையும்.

ஜனவரி 5 இரவு மெர்க்காத்தோ சதுக்கத்தில் பொம்மைக் கடைகளைச் சுற்றும் பெற்றோர், துடைப்பத்தில் வரும் பெஃபானாக் கிழவிக்குப் பதிலாக வேலை பார்ப்பவர்கள், பயணியர் அல்லர். தாந்தே சதுக்கம், அருங்காட்சியகம் பக்கம் சிங்களம் காதில் விழும். இந்த ஊரில் குடியேறிய வெளிநாட்டவருள் இலங்கையர் பெருந்தொகையினர்; அவர்களும் பயணியர் அல்லர், பலர் நம்மைவிட நல்ல நேப்பிள்ஸ்காரர்கள். அவர்கள் கடையில் மிளகாய்த்தூள் கிடைப்பதால் உண்போர்க்குப் பயன்படும்.

இவ்விலக்கணம் கற்றோர் செய்யத்தக்கன சில. சான் கிரகோரியோவுக்கு வாரநாள் காலையில் செல்க. 25 மதிய உணவுக்கு இப்போதே இடம் சொல்லி வைக்க. 24 மதியத்துக்குள் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், ஒரு புட்டி வாங்கி அறையில் வைக்க. யாரேனும் வீட்டுக்கு அழைத்தால் மறுப்பொன்றும் சொல்லாமல் செல்க. டிசம்பர் அங்கே மழைக்காலம். குடையும் எடுத்துச் செல்க.